முட்டைக்கோஸ் 37

சட்டையில் பெயின்ட் கறையோடு நிற்கும் ஓவியரைப் பார்த்தால் கொழுந்தனுக்கு மரியாதை வந்துவிடும். இந்த மாஸ்டரைப் பார்த்தபோதும் வந்தது. அரை நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விட்டது. காரணம், சட்டையின் வலது கையில் ஒரு நீலக் கறை இருந்தது. இடது கையிலும் அதே நீலக் கறை, அதே அளவில், அதே வளைவில் இருந்தது. கறையைத் துணி ஆலையிலேயே அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அண்ணி, இது எந்த சோப்புக்கும் போகாது," என்று காதோரம் கிசுகிசுத்தான்.

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திற," என்றாள் அண்ணி.

அண்ணி என்பவள் அவனுடைய அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல்போன நகை என்று யார் விண்ணப்பம் போட்டாலும் அது நிஜமா என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் வேலை. எரிந்த கடைக்குப் போனால் சாம்பலைப் பார்க்க மாட்டாள், முதலாளியின் முகத்தைப் பார்ப்பாள். அத்தனை வருஷம் பொய்யர்களோடு புழங்கியதில் அவளுக்கு மனிதர்கள்மேல் கோபம் போய், ஒரு நிரந்தர இளக்காரம் மட்டும் தங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக்கான கொழுந்தன் சும்மா இருந்தான். துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். இப்போதும் அவன் சும்மாதான் இருக்கிறான் என்பது அவளுடைய கருத்து.

மாஸ்டரின் ஸ்டூடியோ மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ரிசப்ஷன். அங்கே இருந்த அக்கா கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் சீட்டுக்கட்டை மறைத்தாள். பின்னால் பச்சைப் பச்சையாகச் சுருண்ட ஏதோ ஒரு படம் திரை முழுக்கத் தெரிந்தது. அதன்மேல் ஐகான்கள் அம்மைபோட்ட மாதிரி இறைந்து கிடந்தன. கொழுந்தன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான்.

உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். சுருளுக்குள் சுருள், அந்தச் சுருளின் ஓரத்தில் குட்டிச் சுருள், குட்டியின் ஓரத்தில் அதைவிடக் குட்டி. கிட்டே போகப் போக உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும், படத்தைப் பார்க்க விடாமல் குறுக்கே நிற்கும் தடியன் மாதிரி, மாஸ்டரின் கையெழுத்து.

"ஃபிராக்டல் ஆர்ட்," என்றார் மாஸ்டர், கண்ணை மூடிக்கொண்டு. "என் ஆழ்மனசு கம்ப்யூட்டர் வழியா கசியுது மேடம்."

"பிளம்பரைக் கூப்பிட்டீங்களா சார்?" என்றான் கொழுந்தன்.

அண்ணி இருமினாள். "விஷயத்தைச் சொல்லுங்க சார்."

மாஸ்டர் நடுவில் மாட்டியிருந்த பச்சைப் படத்தைக் காட்டினார். கீழே பித்தளைத் தகட்டில் 'பிரபஞ்சத்தின் பெருமூச்சு' என்று பொறித்திருந்தது. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசல் சுவரில் அதைப் பதிக்கப் போகிறார்கள். சுவர் இருபத்துநான்கு அடி. கையிலிருக்கும் படமோ காலண்டர் அளவு. அப்படியே பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்தப் படத்தை வரையப் போட்ட எண்கள் இருந்தால், சாஃப்ட்வேர் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் புதிதாக வரைந்து கொடுத்துவிடும்.

"அந்த நம்பரெல்லாம் எங்கே?"

"அழிச்சுட்டா." மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "என்கிட்ட ஆப்பரேட்டரா இருந்தவ. மவுஸைப் பிடிக்கிற கை, அவ்வளவுதான். எண்ணம் எல்லாம் என்னுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை விட்டுட்டுப் போனா. புதன்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து பெரிய சைஸ் கேட்டாங்க. திறந்து பார்த்தா நாற்பது படத்துல ஒண்ணுலகூட நம்பர் இல்லை. பாருங்க."

ஒரு படத்தை மவுஸால் இழுத்து சாஃப்ட்வேர் ஜன்னலில் போட்டார். 'இந்தப் படத்தில் கணக்கு எதுவும் இல்லை' என்கிற பொருளில் ஒரு பெட்டி எழும்பி நின்றது.

"முன்னாடி அவ இப்படி இழுத்துப் போட்டா எல்லாம் தானா வந்து நிக்கும். வேணும்னே துடைச்சிருக்கா."

"எதுக்காம் வேலையை விட்டாங்க?"

"கண்காட்சிப் புத்தகத்துல அவ பேரையும் போடணுமாம். ஓரத்துல சின்னதா போட்டாலும் போதுமாம்." மாஸ்டர் சிரித்தார். "நாளைக்கு டீ வாங்கிட்டு வர்றவரும் கேட்பார்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போலீஸுக்கு எழுதிய புகார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் நாலு மணிக்கு வருகிறார். அதற்குள் எண்கள் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் புகார் ஸ்டேஷனுக்குப் போகும். "பாடப்புத்தகம் அடிக்கிற பிரஸ்ல திங்கட்கிழமை சேரப் போறாளாம். சேரட்டும் பார்க்கலாம். திருட்டுக் கேஸ் இருக்கிறவளை எவன் உள்ளே விடுறான்னு நானும் பார்க்கிறேன்."

கொழுந்தனுக்கு அந்தச் சட்டைக் கறையை உண்மையாகவே ஆக்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. இன்க் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது.

அண்ணியோ சாந்தமாக மானிட்டரில் கோப்புகளின் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது படங்களும் கடைசியாகச் சேமிக்கப்பட்டது சனிக்கிழமை, மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பத்தைந்துக்குள்.

"சனிக்கிழமை என்ன சார் விசேஷம்?"

"கையெழுத்து. கண்காட்சிக்காக நானே உட்கார்ந்து போட்டேன். ஃபோட்டோ சாஃப்ட்வேர்ல ஒவ்வொண்ணா திறந்து, என் கையால. அந்த வேலையை எவளோ ஒருத்தி கையில கொடுப்பேனா?"

"முக்கால் மணி நேரத்துல நாற்பது மாஸ்டர்பீஸ்," என்றான் கொழுந்தன். "எங்க ஜெராக்ஸ் மெஷின்கூட நடுவுல சூடாகி நின்னுடும் சார்."

"கடைசியா ஒரு கேள்வி," என்று அண்ணி எழுந்தாள். 'பெருமூச்சின்' முன்னால் போய் நின்றாள். "இந்தப் படத்தோட வலது ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

மாஸ்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை மேடம். அங்கதான் நான் முடிச்சேன். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் கலைஞன்."

அண்ணி அதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். நோட்டில் எழுதினால் எதிராளிக்கு நல்ல காலம் இல்லை என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

*

ஆப்பரேட்டர் 'பொண்ணு' என்று மாஸ்டரின் ஆபீஸில் எல்லோரும் சொன்ன பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வயது. காதோரம் நரைத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அழிச்சேனா? நானா? அக்கா, மூணு வருஷம் போட்ட படம் அதெல்லாம். வரும்போது என் தண்ணி பாட்டிலையும் நாற்காலி மெத்தையையும்தான் எடுத்துட்டு வந்தேன். ஒரு காப்பிகூட வீட்டுக்குக் கொண்டு வரலை. கொண்டு போகக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார்."

"சொன்னா கேட்டுடுறதா?" என்றான் கொழுந்தன்.

"கேட்டேன். அதான் இப்ப திருடி ஆயிட்டேன்." பிரஸ் மேனேஜர் இரண்டு முறை நேரில் கூப்பிட்டுப் பேசித்தான் வேலை கொடுத்திருக்கிறார். போலீஸ் ஒரு தடவை வந்து விசாரித்தால் போதும், அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

அண்ணி ஆறுதல் சொல்லும் ரகம் இல்லை. மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, "அதுல எப்படிப் போடுவீங்கன்னு காட்டுங்க," என்றாள்.

அந்த கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மாவு மில் ஓடுகிற சத்தம் வந்தது. ஆனால் மவுஸைத் தொட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கணக்கு அக்கா. வர்ற விடையை எடுத்து மறுபடி அதே கணக்குல போடணும். வர்றதை மறுபடி. ஆயிரம் தடவை. சில புள்ளியில விடை அடங்கியே இருக்கும். சில புள்ளியில கைமீறி ஓடிடும். எத்தனாவது தடவையில ஓடுதுன்னு பார்த்து அதுக்கு ஒரு கலர். அவ்வளவுதான்."

"எங்க அண்ணன் சொல்ற ஜோக் மாதிரி," என்றான் கொழுந்தன். "ஒரே ஜோக்தான், திரும்பத் திரும்ப. மூணாவது தடவையில நான் வெளியே ஓடிடுவேன்."

"நான் அடங்கி இருக்கிற புள்ளி," என்றாள் அண்ணி. "எல்லாம் கம்ப்யூட்டரே செய்யுதுன்னா, நீங்க என்ன செய்வீங்க?"

"தேடுவேன். உள்ள போகப் போக எல்லையே இல்லை. எங்க போய் நிக்கணும், எவ்வளவு கிட்டப் போகணும், எந்தக் கலரை எங்க மாத்தணும்னு பார்க்கணும். அந்தப் பச்சைப் படத்துக்கு மூணு வாரம் ஆச்சு. ஒவ்வொரு நம்பரும் இருபது இலக்கம். மனப்பாடமா வரும்? அதனாலதான் நம்பரைத் தனியா வைக்கிறதே இல்லை. படத்தைச் சேமிக்கும்போது இந்த சாஃப்ட்வேர் அதையும் படத்துக்குள்ளயே எழுதி வச்சிடும்."

தன் சொந்தப் படம் ஒன்றை இழுத்துப் போட்டாள். கட்டங்களில் எண்கள் மளமளவென்று வந்து உட்கார்ந்தன. படம் மேலிருந்து கீழே கோடு கோடாக வளர்ந்தது. கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம். அதில் 'காலிஃபிளவர் 9. போரடிக்கிறது' என்று இருந்தது.

"பேரெல்லாம் காய்கறியாவே இருக்கே," என்றான் கொழுந்தன்.

"எது மாதிரி இருக்கோ அதுதான் பேர். அந்தப் பச்சை, முட்டைக்கோஸ் முப்பத்தேழு."

பிரபஞ்சத்தின் பெருமூச்சு முட்டைக்கோஸ் ஆனதில் கொழுந்தனுக்கு அன்றைக்கு முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. "அந்த முட்டைக்கோஸ், போன வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வேற எங்கேயாவது போயிருக்கா? யாராவது கேட்டாங்களா? நல்லா யோசிங்க."

ஆப்பரேட்டர் யோசித்தாள். மாவு மில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ரிசப்ஷன் அக்கா கேட்டாங்க," என்றாள் கடைசியில். "ஸ்க்ரீன்ல போட்டுக்க. இரண்டு மாசம் இருக்கும்."

கொழுந்தன் தன் நெற்றியில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டான். சீட்டுக்கட்டுக்குப் பின்னால், ஐகான்களுக்கு அடியில், காலையில் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்த பச்சை.

"புடவையை மாத்திட்டு வாங்க," என்றாள் அண்ணி. "நாலு மணிக்கு நீங்களும் அங்க இருக்கணும்."

*

தலைமை டாக்டர் சரியாக நாலு மணிக்கு வந்தார். ஐம்பது தாண்டிய பெண்மணி. நோயாளி நீட்டி முழக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிற பார்வை அவரிடம் இருந்தது. மாஸ்டர் அரை மணி நேரம் பேச வைத்திருந்ததை இரண்டு நிமிஷத்தில் பேச வேண்டியதாயிற்று. வாசலில் ஆப்பரேட்டரைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

"இவளை யார் உள்ளே விட்டது?"

"நான்தான்," என்றாள் அண்ணி. "நம்பர் கிடைச்சிடுச்சு சார்."

ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வந்த பென் டிரைவை கொழுந்தன் செருகினான். அதிலிருந்த ஒரு படத்தை இழுத்துப் போட்டான். எண்கள் வந்தன. பச்சைச் சுருள் கோடு கோடாக விரிந்தது. மாஸ்டரின் முகமும் கூடவே விரிந்தது.

"பார்த்தீங்களா டாக்டர், என் படம். எங்க ஒளிச்சு வச்சிருந்தா?"

"உங்க வாசல்ல. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வர்றீங்க." அண்ணி நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். "இதோட இன்னொரு காப்பியும் எடுத்து வச்சிருக்கோம். ஆனா பாருங்க, உங்க கையெழுத்து இல்லாம மொட்டையா இருக்கு. டாக்டர் முன்னாடி காப்பியில போட்டுடுங்களேன்."

கேட்பதற்கே காத்திருந்த மாதிரி மாஸ்டர் உட்கார்ந்தார். ஃபோட்டோ சாஃப்ட்வேரைத் திறந்தார், மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி, வலது கீழ் மூலையில் கையெழுத்தை இறக்கினார். சேமித்தார். கைதட்டலுக்காக நிமிர்ந்து பார்த்தார்.

"அருமை," என்றாள் அண்ணி. "இப்ப அதைச் சாஃப்ட்வேர்ல இழுத்துப் போடுங்க."

இழுத்துப் போட்டார். 'இந்தப் படத்தில் கணக்கு எதுவும் இல்லை' என்று பெட்டி எழும்பி நின்றது.

மாஸ்டர் மறுபடி இழுத்துப் போட்டார். மறுபடி பெட்டி. மூன்றாவது தடவை போடப் போனவரின் கை பாதியில் நின்றது.

"அந்த ஃபோட்டோ சாஃப்ட்வேர் படத்தை மட்டும்தான் சேமிக்கும் சார்," என்று ஆப்பரேட்டர் மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் ஏளனம்கூட இல்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "உள்ள எழுதி இருக்கிற நம்பரைத் தூக்கிப் போட்டுடும். அதனாலதான் நான் எப்பவும் காப்பி எடுத்துட்டுத்தான் எதுவும் செய்வேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"சனிக்கிழமை, முக்கால் மணி நேரம், நாற்பது படம்," என்றாள் அண்ணி. "இவங்க போனது வெள்ளிக்கிழமை."

டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

மாஸ்டர் எழுந்தார். "இதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம். மெக்கானிக்குக்குத்தான் தெரியணும். படைப்பு என்னுது. பக்கத்துல நின்னு ஒவ்வொரு வளைவும் சொல்லிச் சொல்லி..."

"கீழே குறிப்பு இருக்கே சார்," என்றான் மெக்கானிக்கான கொழுந்தன். முதல் பிரதியைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "'முட்டைக்கோஸ் 37. மாஸ்டர் பதினைந்து நாளாக ஊரில் இல்லை. நிம்மதி. பச்சை இன்னும் கொஞ்சம் வேண்டும்.'"

டாக்டருக்கு இருமல் வந்தது. நிஜ இருமல்தானா என்று கொழுந்தனால் சொல்ல முடியவில்லை.

அண்ணி நோட்டைப் பிரித்தாள். "காலையில சாரை ஒண்ணு கேட்டேன். இந்தப் படத்தோட வலது ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு. 'ஒண்ணும் இல்லை, அங்கதான் நான் முடிச்சேன்' அப்படின்னார்." ஆப்பரேட்டரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"வலது பக்கமா? இதே மாதிரி ஒரு வரிசை இருக்கும், கொஞ்சம் பெரிசு. அதைத் தாண்டினா நீலம் ஆரம்பிக்கும். அதுக்குள்ள போகணும்னு நினைச்சேன், நேரம் கிடைக்கலை." சொல்லிக்கொண்டே உட்கார்ந்து மவுஸால் படத்தை இடது பக்கம் தள்ளினாள்.

சட்டம் முடிந்த இடத்தைத் தாண்டி, மாஸ்டர் பித்தளைத் தகடு அடித்து நிறுத்திய இடத்தைத் தாண்டி, படம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவள் சொன்ன வரிசை வந்தது. அதன் பிறகு நீலம் வந்தது. பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும் இடத்தில் ஒரு பெரிய சுருள், உள்ளே விளக்கு எரிவது மாதிரி, மெதுவாகத் திறந்தது.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இதுதான் வேணும். அந்தப் பச்சை வேண்டாம். வலியோட உள்ளே வர்றவங்க பார்க்க வேண்டியது இதுதான். இதை இருபத்தி நாலடிக்குத் தர முடியுமாம்மா உங்களால?"

"உங்களால" என்ற சொல் மாஸ்டரைத் தாண்டி ஆப்பரேட்டரிடம் போய் உட்கார்ந்தது. அவள் தலையாட்டினாள்.

"அதுவும் என் ஸ்டூடியோ படம்," என்றார் மாஸ்டர்.

"ஒண்ணுமே இல்லாத இடம்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அண்ணி. "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு சார் சண்டை?"

மாஸ்டர் புகார்த் தாளை இழுப்பறைக்குள் தள்ளப் பார்த்தார். அண்ணி அதற்கு முன்பே அதைக் கையில் எடுத்திருந்தாள். "இதைத் தூக்கிப் போடாதீங்க. நம்பரை அழிச்சது யாருன்னு தெரிய வேண்டாமா? என் ரிப்போர்ட்டை இதுக்குப் பின்னாலயே எழுதிக் கொடுத்துடுறேன்."

நின்றபடியே எழுதினாள். கொழுந்தன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். இரண்டே வரிதான். 'நாற்பது படங்களின் எண்களையும் அழித்தவர் தன் பெயரை மறைக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் வலது கீழ் மூலையில் காண்க.'

அவள் அதை மாஸ்டரின் சட்டைப் பையில் மடித்து வைத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைக்காரர்களுக்கு மறுப்புக் கடிதம் கொடுக்கும்போதும் இதே அக்கறையோடுதான் வைப்பாள்.

டாக்டர் எழுந்தார். "எப்ப வந்து ஆரம்பிப்பீங்க?"

"திங்கட்கிழமை ஒரு பிரஸ்ல வேலைக்குச் சேர்றேன் டாக்டர். சாயங்காலத்துல வந்து போடுறேன்."

"படத்துக்கு என்ன பேர்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"முட்டைக்கோஸ் முப்பத்தெட்டு," என்றாள் ஆப்பரேட்டர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அப்படியே போடுங்க. உங்க பேர் எங்க வரணும்?"

ஆப்பரேட்டர் பழக்க தோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். "ஓரத்துல, சின்னதா போட்டாலும் போதும் டாக்டர்."

"இருபத்தி நாலடிச் சுவர்மா அது," என்றாள் அண்ணி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அதுல சின்னதுன்னாலே ஒரு அடி வரும்."